காலில் புண், தொடையிடுக்கில் நெறி

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். மதுரையை அடுத்த பரவை, சமயநல்லூர்ப் பக்கத்து வயல்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புண் பாதத்தில் இருக்க, வீக்கமும் வலியும் ஏன் இடுக்கில் வருகின்றன என்று கேட்டுப் பார்த்தால், நோய் எதிர்ப்பைப் பற்றி நம்மிடம் பரவியிருக்கும் பெரிய தவறான எண்ணம் ஒன்று கலையத் தொடங்கும். கொரோனாவுக்குப் பிறகு ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகம் ஒட்டப்படாத பொடியோ பானமோ கடையில் இல்லை. எதிர்ப்பு என்பது உடம்புக்குள் அளவு கூடிக் குறையும் ஒரு சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு இடம் உண்டு, வழி உண்டு. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டுக்கு நன்கு அறிமுகமான யானைக்கால் நோய் இதற்கு வலுவான சான்று.

இதயம் அழுத்தித் தள்ளும் ரத்தத்திலிருந்து, நுண்குழாய்களின் சுவர் வழியே நீர் ஓயாமல் தசைக்கும் தோலுக்கும் கசிகிறது. அதில் பெரும்பங்கு ரத்தத்துக்கே திரும்பிவிடும். திரும்பாமல் தங்கும் நீரையும் புரதங்களையும் ஏந்திக்கொள்ளத் தனியாக ஒரு குழாய் வலை இருக்கிறது. அதில் ஓடுவதுதான் நிணநீர். நாளொன்றுக்குச் சுமார் இரண்டிலிருந்து நான்கு லிட்டர். வாய்க்கால் மட்டும் இருந்து வடிகால் இல்லாத வயல் என்ன ஆகுமோ, இந்த வலை இல்லாத உடம்பும் அதுதான் ஆகும். நிணநீரைத் தள்ளிவிட இதயம்போல ஒரு விசை கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமே சுருங்குகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து கொடுக்கிறது. உள்ளே இருக்கும் சிறு தடுக்கிதழ்கள் நீரைப் பின்னால் போகவிடாமல் மறிக்கின்றன. இரண்டு கால்கள், வயிறு, இடக்கை, தலையின் இடப்பாதி ஆகியவற்றின் நிணநீரெல்லாம் நெஞ்சுக்குள் ஏறும் ஒரே பெரிய நாளத்தில் சேர்ந்து, இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. ரத்தச் சுற்றோட்டம் பற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஹார்வியின் நூல் 1628-இல் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி ஒரு நாயின் குடலருகே இந்தக் குழாய்களைப் பார்த்திருந்தார். ஆனாலும் ரத்தக் குழாய்க்குக் கிடைத்த கவனம் இவற்றுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த வழி நெடுக, முக்கியமாகக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும், பல நூறு நிணநீர்க் கணுக்கள் உள்ளன. முள் குத்திய இடத்தில் கிருமி நுழைந்தால், தோலிலுள்ள காவல் அணுக்கள் அதன் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீரோடு கணுவுக்கு ஏறுகின்றன. எலும்பு மஜ்ஜையில் பிறந்த பி அணுக்களும், நெஞ்சுக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியில் தேறி வந்த டி அணுக்களும் அங்கே கூடியிருக்கின்றன. ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே அடையாளம் தெரியும். வந்த துணுக்குக்குப் பொருந்துபவை மிகச் சில. அந்தச் சிலதான் பெருகிப் பெருகி, ஆன்டிபாடிகளையும் தாக்கும் அணுக்களையும் உண்டாக்கி அனுப்புகின்றன. இந்தப் பெருக்கத்தில் கணு வீங்குவதைத்தான் நெறி கட்டுவதாகச் சொல்கிறோம். ரத்தத்துக்குள் வரும் கிருமிகளுக்கு இதே வேலையை மண்ணீரல் செய்கிறது. தோலிலிருந்து கணுவுக்குச் செய்தி போகும் வழி அடைபட்டால், உடம்பில் எத்தனை கோடி வெள்ளணுக்கள் இருந்தாலும் அந்தக் காலுக்குப் பயன் குறைவு.

யானைக்கால் நோயில் நடப்பது இதுதான். சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நூல்போன்ற ஒரு புழுவின் இளம் பருவத்தை மனிதருக்குள் விடுகிறது. அது போய் வளர்ந்து வருடக்கணக்கில் குடியிருப்பது, கிருமிகளைப் பிடிக்க உடம்பு வைத்திருக்கும் அதே நிணநீர்க் குழாய்க்குள். அங்கிருந்தபடியே நம் எதிர்ப்பை அடக்கியும் வைக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் அதன் குஞ்சுகளான நுண்புழுக்கள் உள்ள பலருக்குக் காலில் வீக்கமே இருப்பதில்லை. புழு சாகும்போது உடம்பு அதன்மேல் பாய்ந்து அழற்சி உண்டாக்குகிறது. குழாய் கெடுவதில் அந்த அழற்சிக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பு எவ்வளவு உக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. குழாய் விரிந்து, தடுக்கிதழ்கள் பயனற்றுப்போய், புரதம் செறிந்த நீர் காலில் தேங்குகிறது. பிறகு சேற்றுப்புண் வழியாகவும் பித்தவெடிப்பு வழியாகவும் சாதாரணத் தோல் பாக்டீரியா நுழைந்தாலே குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வீங்குகிறது. இப்படி வரும் ஒவ்வொரு காய்ச்சலும் தோலை மேலும் தடிக்கச் செய்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்து மருத்துவர் ஜெருசா டிரையர் போன்றோர் அழுத்திச் சொன்னது இதையே: காலை யானைக்காலாக்குவதில் இந்தப் பாக்டீரியாத் தொற்றுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

புழு உடம்பையே நலிவாக்கிவிடுகிறது, அதனால்தான் தொற்று வருகிறது என்று ஒருவர் மறுக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்களைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அவர்களில் சிலருக்கு அந்தக் கை மட்டும் வீங்கி, சிறு கீறலுக்கும் தொற்றுக் காய்ச்சல் வருகிறது. மறு கை நன்றாகவே இருக்கிறது. இரண்டு கையிலும் ஓடுவது ஒரே ரத்தம், அதே வெள்ளணுக்கள். அங்கே புழுவும் இல்லை. கெட்டது வழி மட்டும்.

முற்றிப்போன காலைக் கழுவி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு நோயாளிகளிடம் உண்டு. அவர்கள் படும் பாட்டை நினைத்தால் அது நியாயமானதும்கூட. பழைய கால் திரும்பாது என்பது மெய்தான். ஆனால் தினமும் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு பூசி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துவந்தால் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது. காய்ச்சல் குறைந்தால் கூலி போகும் நாட்களும் குறையும். கெட்டுப்போன காவலின் வேலையைக் கையால் செய்வதுதான் இது. ஆகவே இதைச் சிகிச்சை என்றே சொல்ல வேண்டும்; ஆறுதலுக்குச் சொல்லும் யோசனை அல்ல.

‘எனக்கு ஒன்றுமில்லை, நான் எதற்கு மாத்திரை போட வேண்டும்’ என்பது அடுத்த கேள்வி. நோய்ப் பகுதிகளில் 2004 முதல் நாடு தழுவிய திட்டமாக ஆண்டுக்கொரு முறை இந்தப் புழுவுக்கு எதிரான டிஇசி மாத்திரை கொடுக்கிறார்கள். பின்னர் அதோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது. கால் வீங்காதவரின் ரத்தத்திலிருந்தும் கொசு நுண்புழுவை எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் எல்லோருக்கும் மாத்திரை. போட்டபின் சிலருக்கு வரும் காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் ரத்தத்தில் நுண்புழுக்கள் செத்து விழுவதால் வருபவை. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் மட்டும் இதைக் கொடுப்பதில்லை.

இலங்கை 2016-இல் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அப்படியானால் மறைந்துவரும் நோய்க்கு, அதுவும் கடலூர், தஞ்சைப் பக்கங்களில் அதிகம் கண்ட நோய்க்கு, மதுரைக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும்? மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் செய்த ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. சில ஊர்களில் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். சிலவற்றில் அதோடு, கழிவுநீர்க் குழிகளின் மேல் தெர்மோகோல் மணிகளைப் பரப்பியும் கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டும் கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு, கிடைத்த பலன் நிலைத்தது கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில்தான். பரவை போன்ற இடங்களில் வயல் மனையாகி, வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் குழி வெட்டப்படுகிறது. வேலைக்காக எந்த மாவட்டத்திலிருந்தும் எந்த மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வந்து தங்குகிறார்கள். கொசுவுக்கு வேண்டியவை எல்லாம் இங்கே இருக்கின்றன. பேரூராட்சி ஒரு வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போது குழிக்கு இறுக்கமான மூடியும், அதன் காற்றுக்குழாய் வாயில் ஒரு சாண் கொசுவலையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செலவு மிகச் சிறியது.