தட்டில் மிஞ்சிய மீன்

பூனைக்குச் சுகர் என்று சொன்னால் மதுரையில் முதலில் சிரிப்பார்கள். அடுத்த நிமிடமே, "எங்க அம்மாவுக்கும் ஊசிதான்" என்று வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தெருவுக்கு நாலு பேர் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ளும் ஊரில் இந்த அனுபவ அறிவுக்குப் பஞ்சமில்லை. அதில் பாதி உதவும். மீதிப் பாதி, பூனை சாப்பிடாமல் சுருண்டு படுத்த அன்றைக்கு நம் காலை வாரிவிடும்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் நம்முடைய இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றதுதான். கருத்தடை செய்த ஆண் பூனை, வயது ஏழெட்டைத் தாண்டியது, வீட்டை விட்டு இறங்காமல் கொழுத்தது என்றால் வாய்ப்பு அதிகம். இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமிலின் என்ற பொருள் நமக்குப் போலவே பூனைக்கும் கணையத்தில் படிந்து, இன்சுலின் சுரக்கும் செல்களைக் கெடுக்கிறது. எலிக்கு இந்தப் படிவு உண்டாவதில்லை. இந்த விஷயத்தில் எலியைவிடப் பூனைதான் நமக்கு நெருங்கிய சொந்தம்!

நோய் வந்த பூனை சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கும், மணல் தட்டை நனைத்துத் தள்ளும், தின்றுகொண்டே மெலியும். அப்படித் தின்ற பூனை ஒருநாள் மீனை முகர்ந்துவிட்டு நகர்ந்து போனால், "சாப்பிடலைன்னா சுகர் இறங்கும், நல்லதுதானே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டு, வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். பூனை தள்ளாடும், வலிப்பு வரும். பயந்துபோய் ஊசியை அடியோடு நிறுத்தினாலோ, உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும். கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் சேரும். வாந்தி, சோர்வு, மூச்சில் நகப்பூச்சு கலைக்கும் திரவத்தின் வாடை வந்தால் அது டிரிப் ஏற்ற வேண்டிய நிலைமை. எனவே குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பசி போனதற்குக் காரணமும் தனியாக இருக்கும்: கணைய அழற்சி, சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல்.

நமக்குச் சனிக்கிழமை விரதம் ஒத்துக்கொள்ளும், பூனைக்கு ஒத்துக்கொள்ளாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பு கல்லீரலுக்குப் போய் அங்கேயே தேங்கிவிடும். கண்ணும் காதும் மஞ்சளிக்கும். உயிருக்கே ஆபத்து.

இன்சுலின் குப்பி இன்னொரு பொறி. நம் மருந்துக்கடைகளில் சாதாரண இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட் கணக்கில் வரும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பூனைகளுக்கு அடிக்கடி எழுதித்தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் பெரும்பாலும் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. வீட்டில் பாட்டிக்கு வைத்திருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 2 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். ஒன்றிரண்டு யூனிட்டில் தொடங்கும் பிராணிக்கு இரண்டரை மடங்கு! உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் கொடுப்பது அதைவிட மோசம். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதாது. ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

பசியைத் தூண்ட மூக்குதான் வழி. மீனை உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் அவித்து, வெதுவெதுப்பாக வைத்தால் வாசனை எழும். இனிப்பு காட்டிப் பயனில்லை. பூனைக்கு இனிப்புச் சுவையை உணரும் ஏற்பியே வேலை செய்வதில்லை என்பது 2005-இல் மரபணு ஆய்வில் தெரிந்தது. ஜிகர்தண்டா டம்ளரை அது நக்குவது பாலாடைக்காக. டாக்டர் எழுதித்தரும் மிர்டசாபின் போன்ற பசியூட்டி மருந்துகளும் உண்டு.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்குப் பூனைகளுக்கென்றே அனுமதி கிடைத்தது. ஊசி வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. ஆனால் நன்றாகச் சாப்பிடும் பூனைக்கு மட்டுமே அது. பசியற்ற பூனைக்குக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை ஒழுங்காக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடக்கூடும்.

கூடையில் அடைத்து, ஆட்டோவில், கோரிப்பாளையம் நெரிசலைக் கடந்து தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். அங்கே 300 காட்டினால் அதில் பாதி ஆட்டோ ஹாரனின் வேலையாக இருக்கலாம். அதனால் காது ஓரத்தில் குத்தி வீட்டிலேயே பார்த்த எண்களை ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வைப்பது நல்லது. எத்தனை யூனிட், எந்தச் சிரிஞ்சு, எத்தனை முறை சிறுநீர் என்பதும் இருக்கட்டும். ஆனால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அது எதுவுமில்லை: "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"