மழைக்காலத்தில் கோழிக்கூட்டை உலர்வாக வைத்திருத்தல்

நமது கன்னியாகுமரி மாவட்டம் ஆண்டில் இரு பருவமழைகளைக் காணும் பேறு பெற்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் இவ்விரு மழைகளையும் நம்பியே விளைகின்றன. ஆயினும் வயலுக்கு வரமாக வரும் இம்மழை, புறக்கடையில் ஐந்தோ பத்தோ கோழிகளை வளர்க்கும் இல்லங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனையாகவும் அமைகிறது. முட்டை குறைகிறது, குஞ்சுகள் மடிகின்றன, கூட்டில் நெடி ஏறுகிறது.

இந்நட்டம் சிறிதெனக் கருதுதல் தவறு. நெசவாளர் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். அடைமழை நாட்களில் கஞ்சியிட்ட பாவு உலர்வதில்லை, தறிக்குழியில் நீர் ஊறுகிறது, வேலை தடைப்படுகிறது. உழவர் இல்லத்திலும் அறுவடைக்கு முந்தைய மாதங்கள் கையிருப்புக் குறைந்த மாதங்களே. முட்டை விற்ற சில ரூபாயும், குழந்தைகளின் உணவில் சேரும் முட்டையும் மிகவும் தேவைப்படும் காலம் அதுவேயாகும். அந்நேரத்திற்றான் கூடு நம்மைக் கைவிடுகிறது. ஆகவே இதற்குரிய காரணத்தையும் அதிகச் செலவில்லாத பரிகாரத்தையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பகை குளிரன்று, ஈரமே

மழைக்காலத்தில் கோழி குளிரால் நலிகிறது என்பது பலருடைய எண்ணம். வளர்ந்த கோழியைப் பொறுத்தவரை இது சரியன்று. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதன் இறகுகளுக்கிடையே தங்கும் காற்றே அதற்குப் போர்வை. நமது சமவெளி ஊர்களில் மார்கழி இரவிலுங்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பனி பெய்யும் நாடுகளிலும், ஈரமற்ற கூட்டில் உள்ள கோழிகள் குளிர்காலத்தை நலமாகக் கழிக்கின்றன. ஆனால் இறகு நனைந்துவிட்டால் அப்போர்வை பயனற்றுப் போகிறது. முட்டைக்குச் செல்லவேண்டிய தீனியின் சத்து உடலைச் சூடாக்குவதிலேயே செலவாகிறது. முதல் மூன்று நான்கு வாரக் குஞ்சுகளுக்கு மட்டும் தாயின் சிறகுச் சூடோ, அதற்கு ஈடான வெப்பமோ இன்றியமையாதது.

குளிருக்கு அஞ்சுவோர் செய்வது என்ன? கூட்டின் நாற்புறமும் சாக்கும் தாளும் கட்டி, காற்றுப் புகாமல் அடைத்துவிடுகின்றனர். இதுவே பெருந்தீங்கு. பத்துக் கோழிகள் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரை அருந்துகின்றன. முட்டையில் சேரும் சிறு பகுதி நீங்கலாக, பெரும்பகுதி எச்சத்தின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் வெளியேறுகிறது. புதிய எச்சத்தில் முக்கால் பங்கு நீரே. அடைத்த கூட்டில் இவ்வீரம் போக வழியின்றிக் கூளத்திலும் கூரையிலும் படிகிறது. வெளிமழை ஒரு துளியும் புகாத கூடும் விடியற்காலையில் நனைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. மழையைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுக்கலாகாது. இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே.

ஈரத்தால் விளையும் நோய்

நனைந்த கூளத்தில் எச்சம் அழுகும்போது அம்மோனியா என்னும் காற்று எழுகிறது. கூட்டைத் திறந்தவுடன் நம் கண்ணையும் மூக்கையும் கரிக்கும் நெடி அதுதான். சற்று நேரம் நிற்கும் நமக்கே பொறுக்கவில்லையெனில், இரவு முழுவதும் அதற்கருகில் தலை வைத்திருக்கும் கோழியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. கண் வீக்கமும் சளியும் இதனைத் தொடர்ந்து வருகின்றன.

இதனினும் கொடியது இரத்தக் கழிச்சல். காக்சிடியா என்னும் நுண்ணுயிரின் முட்டை போன்ற உறைகள் எச்சத்தோடு வெளிவருகின்றன. வெளிவந்த உடனே அவை நோய் தரா. ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முதிர்ந்து, அவற்றைக் கொத்தித் தின்னும் குஞ்சுகளைத் தாக்குகின்றன. நம் மாவட்டத்து மழைக்கால வெப்பம் அவ்வுயிருக்கு மிகவும் ஏற்றது. வெப்பத்தை நம்மால் மாற்ற இயலாது. ஈரத்தை மாற்ற இயலும். மூன்று வாரம் கடந்த குஞ்சுகள் கூனிக் குறுகி நின்று, எச்சத்தில் இரத்தம் காணின், காலந்தாழ்த்தாது கால்நடை மருந்தகத்தை நாடுதல் வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிகெட் நோய் வேறு வகையினது. அது நச்சுயிரியால் வருவது. உலர்ந்த கூடு மட்டும் அதனைத் தடுத்துவிடாது. அதற்குத் தடுப்பூசி ஒன்றே காப்பு. கால்நடை பராமரிப்புத் துறையினர் தடுப்பூசி முகாம் நடத்தும் நாளில், ஒரு கோழியையும் விடாமல் கொண்டுசெல்ல வேண்டுகிறோம்.

கூட்டை அமைக்கும் முறை

முதலாவது, இடம். முற்றத்தில் மேடான பகுதியைத் தேர்ந்து, வீட்டுக் கூரைநீர் வந்து விழாதவாறு கூட்டை அமைக்க வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் சிறு வாய்க்கால் வெட்டி, நீரைத் தென்னை மூட்டுக்குத் திருப்பிவிடலாம்.

இரண்டாவது, தரை. மண்ணிலிருந்து ஊறும் ஈரத்தைத் தவிர்க்க, கூட்டின் தளத்தைக் கால்களின்மீது இரண்டு அடி உயரத்தில் நிறுத்துவது சிறந்தது. தளத்தைச் சட்டங்களால் அமைத்து, இடையே ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும்; நாள்தோறும் வாரி எருக்குழியில் சேர்க்கலாம். இரவில் தங்குவதற்கு மட்டுமான கூட்டில் ஒரு கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி இடம் போதும். இடம் குறைந்தால் ஈரம் பெருகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, திசை. கூட்டின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக ஓடுமாறு அமைத்து, குறுகிய இரு பக்கங்களையும் பலகையாலோ மண்சுவராலோ அடைத்துவிடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து விசையுடன் வீசும் ஆடிக்காற்றைத் தோவாளைப் பகுதியினர் நன்கு அறிவர். அடைத்த மேற்குச் சுவர் அதனைத் தாங்கும். வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட பக்கங்களில் கீழ்ப்பாதியை அடைத்து, மேற்பாதியில் கம்பிவலை பொருத்த வேண்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படாதிருப்பின் கீரியும் மரநாயும் பாம்பும் புகுவது அரிதாகும்.

நான்காவது, கூரை. இறவாரம் இரு பக்கமும் இரண்டு அடியேனும் வெளியே நீண்டிருத்தல் நலம். சாரலைத் தடுப்பது சுவரினும் இறவாரமே. தகரக் கூரை இரவில் குளிர்ந்து, உள்ளீரம் அதில் நீர்த்துளியாகப் படிந்து சொட்டும். ஆதலால் தகரத்தின் அடியில் முடைந்த தென்னோலை ஒன்றைப் பரப்புதல் வேண்டும். சாக்குப் படுதா கட்ட விரும்புவோர், அதனைக் கீழிருந்து மேலாக இழுத்துக் கட்டி, கூரைக்கடியில் ஒரு சாண் அளவு எப்பொழுதும் திறந்து விடுக. வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று மேலெழும் இயல்புடையது. அவ்வழியே அது வெளியேறும். மழை விட்டவுடன் படுதாவை இறக்கிவிடுதல் வேண்டும்.

கூரையை வலிய கயிற்றாலோ கம்பியாலோ நிலத்திலுள்ள முளைகளோடு பிணைப்பதும் கடமையாகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தின் வாழைகளையும் இரப்பர் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை நாம் மறந்திலோம். இலேசான தகரம் புயலில் பறந்தால் கூடு மட்டுமன்றி, அருகிலுள்ளோரும் ஆபத்துக்குள்ளாவர்.

கூளமும் தீனியும்

மண் தரைக்கூடு உடையோர் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு உமியோ மரத்தூளோ உலர்ந்த தேங்காய் நார்க்கழிவோ பரப்ப வேண்டும். அதனை நாள்தோறும் கிளறிவிடுதல் முக்கியம். கூளத்தின் பதமறிய எளிய வழியொன்று உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. மெல்லப் பிளந்து உதிர்ந்தால் பதம் சரி. சற்றும் ஒட்டாமல் தூசாகப் பறந்தால் காய்ச்சல் மிகுதி. பாவின் கஞ்சிப் பதத்தை விரலால் அறியும் நம் நெசவாளருக்கு இது புதிதன்று. நனைந்து கட்டியான பகுதியை உடனே அகற்றி, உலர்ந்த கூளம் இட வேண்டும். நீர்த்தொட்டியைச் சுற்றியுள்ள இடமே முதலில் நனைவதால், தொட்டியைச் செங்கல்லின்மீது உயர்த்தி வைத்தல் நன்று.

சுண்ணாம்பு பற்றி ஒரு சொல். கூளம் முழுவதையும் மாற்றும்போது வெறுந்தரையில் நீற்றிய சுண்ணாம்பைத் தூவலாம். நீற்றாத சுண்ணாம்பு கோழியின் காலைச் சுட்டுவிடும். எச்சம் மிகுந்த கூளத்தின்மேல் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினாலோ அம்மோனியா நெடி தணிவதற்கு மாறாக அதிகரிக்கும்.

தீனியும் ஈரத்துக்கு இரையாவதே. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீனியில் கலந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமெனத் தெரிந்தது; அந்நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். மழைநாளில் நம் வீட்டு மூலையில் கிடக்கும் புண்ணாக்கும் மக்காச்சோளமும் அதே ஆபத்துக்குரியவை. தீனி மூட்டையைச் சுவரைத் தொடாதவாறு பலகைமேல் வைத்து, பூஞ்சணம் கண்டதை எவ்வுயிருக்கும் இடாது அகற்றுக.

முன்கூட்டியே செய்ய வேண்டுவன

மழை தொடங்கிய பின் உலர்ந்த உமியைத் தேடுவது பயனற்ற முயற்சி. கன்னிப்பூ அறுவடை முடியும் ஆவணி, புரட்டாசியில் உமியும் வைக்கோலும் எளிதில் கிடைக்கும். வெயில் உள்ள அந்நாட்களில் சில மூட்டை உமியைக் காயவைத்துக் கட்டிவைத்தால் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கவலையின்றிக் கழியும். தனித்து வாங்க இயலாதோர் தெருவில் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து அரவை ஆலையில் ஒருமுறை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டுறவு என்பது சங்கக் கணக்கேட்டில் மட்டும் இருக்க வேண்டியதன்றே! உழவரிடமிருந்து உமி நெசவாளர் வீட்டுக்குச் செல்லட்டும்; நெசவாளர் வீட்டுக் கோழியெரு உழவரின் தென்னைக்குத் திரும்பட்டும். தழைச்சத்து மிகுந்த அவ்வெரு நன்கு மக்கியபின் சிறந்த உரமாகும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுடையதன்று. ஒரு வாய்க்கால், நீண்ட இறவாரம், மேலே திறந்த ஒரு சாண் இடம், சில மூட்டை உமி, நாளும் கிளறிவிடக் கால்மணி நேரம் ஆகியவையே தேவை. அடுத்த மழைக்கு முன்னர், விடியற்காலையில் ஒருமுறை தங்கள் கூட்டைத் திறந்து, கூளத்தைக் கையில் எடுத்துப் பதம் பார்க்குமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறோம்.