ஆலோசகருக்குப் பணம் கொடுப்பது யார்?

மாதம் 80,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 35 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏலச்சீட்டு, நகைக்கடன், கிரெடிட் கார்டு பாக்கி, சொந்தக்காரர் வற்புறுத்திப் போட வைத்த பாலிசி என எல்லாம் இருக்கின்றன. ஆனால் கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

நல்ல நிதி ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே எந்த ஃபண்டின் பெயரையும் சொல்ல மாட்டார். வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். இருப்பு, பாலிசி பத்திரங்கள், கடன் ரசீதுகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வார். அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி போகிறது. அதே வீட்டில் 7 சதவீத வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட்டும் இருக்கிறது! டெபாசிட்டை உடைத்துக் கடனை அடைப்பதுதான் முதல் வேலை.

அடுத்து பாலிசி. ஆண்டுக்கு 40,000 ரூபாய் பிரீமியம், காப்பீட்டுத் தொகை 8 லட்சம். அவருடைய ஆண்டு வருமானமே 9.6 லட்சம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் தொகை குடும்பத்துக்கு ஓராண்டுக்குக்கூடப் போதாது. உடல்நலத்தோடு இருக்கும் அந்த வயதுக்காரருக்கு, இதைவிடக் குறைந்த பிரீமியத்திலேயே 1 கோடி ரூபாய்க்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் கிடைக்கும். ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி, மருத்துவக் காப்பீடு இரண்டும் அமைந்த பிறகே முதலீட்டுப் பேச்சு.

இந்த யோசனையை யாரிடம் கேட்பது? 2013-இல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கொண்டுவந்த விதிகளின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். நிலைக் கட்டணமாக வாங்கினால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 1,51,000 ரூபாய்.

இவருக்கு மாறாக, ஏஆர்என் எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவருக்கு ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தருகிறது. அது தவறில்லை, ஆனால் அந்தக் கமிஷன் முதலீட்டாளரின் பணத்திலிருந்தே போகிறது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் போட்டால், 12 சதவீத வளர்ச்சியில் ஏறத்தாழ 1 கோடி சேரும். செலவு ஒரு சதவீதம் கூடி வளர்ச்சி 11 ஆகக் குறைந்தால், கிடைப்பது சுமார் 87 லட்சம்தான். ‘இலவச’ ஆலோசனையின் விலை இப்படித்தான் தெரியாமல் ஏறுகிறது.

ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கு முதலீட்டுப் பணத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். உறுதியான லாபம் என்று பங்குச்சந்தையைக் காட்டி ஆசை காட்டுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பதிவு எண் என்ன, உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.