இறுவட்டுப் படியெடுத்தல்

ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் இயல்புடையது. ஆதலின், அஃது அழியுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து, மூலத்தோடு ஒப்புநோக்கி வைத்தல் முன்னோர் கைக்கொண்ட வழக்கமாகும். இக்காலத்து இறுவட்டுக்கும் அவ்வழக்கம் வேண்டற்பாலது. வீட்டுக் கணினியிற் பதியப்பெற்ற இறுவட்டிலே தகவலைத் தாங்கி நிற்பது மெல்லிய சாயப் படலமொன்றே. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் பதிந்துவைத்த திருமணப் படங்களும், மறைந்துவிட்ட பெரியோரின் குரல்களும் அப்படலத்தையே நம்பியிருக்கின்றன. புதிய மடிகணினிகள் பலவற்றிலோ இறுவட்டுச் செலுத்தியே இல்லை. எனவே, படியெடுக்க விரும்புவோர் காலந் தாழ்த்தலாகாது.

இப்பணிக்கு ஏற்ற கருவிகள் யாவும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆயினும், செலுத்தியைப் பொருத்தியவுடன் வேலை நடவாமை கண்டு, அது பழுதுற்றதென ஒதுக்கிவிடுவோர் உளர். பல வேளைகளிற் குறை செலுத்தியில் இல்லை. செலுத்திக்கும் பயனருக்கும் இடைப்பட்ட வழியிலேயே உள்ளது.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. லினக்ஸின் உட்கருவினது 2.4 ஆம் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. அக்காலத்து வீட்டுக் கணினிகளிற் செலுத்திகள் ஐ.டி.ஈ. வடத்தினாற் பொருத்தப்பட்டிருந்தன. இறுவட்டிற் பதியும் 'சிடிரெக்கார்ட்' என்னும் மென்பொருளோ ஸ்கசி என்னும் வேறொரு முறையின் கட்டளைகளையே அனுப்பியது. ஆகவே, இரண்டுக்குமிடையே மொழிபெயர்ப்பாளன் போன்றதொரு நிரலை உட்கருவிற் சேர்க்க வேண்டியிருந்தது. 2003 டிசெம்பரில் வெளியான 2.6 ஆம் பதிப்பு அத்தேவையை நீக்கிற்று. பழைய குறிப்புகளைப் பார்த்து அந்நிரலைத் தேடுவோர் இன்று வீணே அலைவர்.

இக்காலத்திற் பார்க்க வேண்டியவை மூன்றே. முதலாவது, உட்கரு செலுத்தியைக் கண்டதா என்பது. கண்டிருப்பின், சாதனங்களின் பட்டியலில் 'எஸ்.ஆர்.0' என்னும் பெயர் தோன்றும். தோன்றாவிடின் வடத்தையும் மின்னிணைப்பையும் ஆராய்க. இரண்டாவது, பயனருக்கு அனுமதி உண்டா என்பது. டெபியன் முதலிய லினக்ஸ் வகைகளில் 'சிடிரோம்' என்னும் குழுவினருக்குச் செலுத்தியைப் பயன்படுத்தும் உரிமை அளிக்கப்படுகின்றது. அக்குழுவிற் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும்; இன்றேல் உரிமை நடைமுறைக்கு வராது. மூன்றாவது, வேறொரு மென்பொருள் செலுத்தியைப் பற்றிக்கொண்டிருக்கின்றதா என்பது.

வழி சீரானபின், வட்டின் வகையை அறிதல் வேண்டும். தரவு வட்டின் ஒவ்வொரு கூறும் 2352 பைட்டுகள் கொண்டது. அவற்றுள் 2048 மட்டுமே தரவு. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி பிழையைக் கண்டு திருத்துவதற்கென ஒதுக்கப்பட்டது. இசை வட்டிலோ 2352 பைட்டுகளும் ஒலியே. மேலதிகத் திருத்தத்துக்கு அங்கே இடமில்லை. அதனால், தரவு வட்டை 'டிடி' என்னும் எளிய கட்டளையாற் படியெடுக்கலாமெனினும், இசை வட்டுக்கு 'சிடிபரனோயா' போன்ற தனி மென்பொருள் வேண்டும். அது வாசித்த பகுதிகளை ஒன்றன்மேலொன்று பொருந்த ஒப்பிட்டு, ஐயம் நேர்ந்த இடத்தை மீண்டும் வாசிக்கின்றது.

கீறலுற்ற தரவு வட்டுக்கு உற்ற துணை 'டிடிரெஸ்க்யூ' ஆகும். அது நல்ல பகுதிகளை முதலிற் காப்பாற்றி, கெட்ட பகுதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னர் அவற்றிடம் திரும்புகின்றது. அக்குறிப்பைக் கொண்டு வேறொரு செலுத்தியிலும் பணியைத் தொடரலாம். ஒன்று வாசிக்கத் தவறியதை மற்றொன்று வாசித்துவிடுதலும் உண்டு.

இறுதியாக, ஒப்புநோக்குதல். படியைப் புதிய வட்டிற் பதிந்தபின், அதனை மீண்டும் வாசித்து, மூலப் படியோடு ஒத்திருக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். சில வட்டுகளிற் பதிவின் முடிவில் தரவல்லாத வெற்றுக் கூறுகள் அமைவதுண்டு. அவற்றை வாசிக்கப் புகின் பிழைச் செய்தி எழும். அது கண்டு வட்டு கெட்டதென அஞ்ச வேண்டியதில்லை. மூலப் படியின் நீளமளவும் வாசித்து ஒப்பிட்டாற் போதும்.

ஒப்புநோக்கப்படாத படி, படியன்று, நம்பிக்கை மட்டுமே. மூல வட்டு இன்னும் வாசிக்கத்தக்க நிலையில் இருக்கும்போதே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். அது மங்கியபின் ஒப்பிட ஏதுமிராது; அதிலிருந்த குரல் மீண்டும் ஒலிக்கவும் மாட்டாது.