நிற்கும் மரத்தை எப்போது விற்பது?

குருநாகல், மாவனல்லை, கண்டிப் பகுதிகளில் எமது வர்த்தகர்கள் பலருக்குத் தோட்ட எல்லையிலோ வீட்டுக்குப் பின்னாலோ பத்து இருபது தேக்கு, மஹோகனி மரங்கள் உண்டு. மகளின் திருமணம் நெருங்கும்போது அல்லது கொடுத்த காசோலைக்குப் பணம் போடவேண்டி வரும்போதுதான் அவை நினைவுக்கு வருகின்றன. அவசரத்தில் அழைக்கப்படும் தரகர் சொல்வதே விலையாகிவிடுகிறது.

மரம் அழுகும் சரக்கல்ல. அதன் கணக்கும் கடினமானதல்ல. சுற்றளவின் காற்பங்கை அதே தொகையால் பெருக்கி, பின்னர் நீளத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும். 12 அடி நீளமான தண்டு 4 அடிச் சுற்றளவில் 12 கன அடி. 5 அடிச் சுற்றளவில் 18.75 கன அடி. அதாவது அரைவாசிக்கும் மேல் கூடிவிடுகிறது. பருத்த மரத்துக்குக் கன அடி விலையும் அதிகம். ஏனெனில் இளந்தேக்கில் வைரம் குறைவு, வெள்ளையே கூடுதல்.

ஆகவே வருடந்தோறும் ஒரே மாதத்தில், நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். 3 அடி மரம் ஒரு வருடத்தில் 2 அங்குலம் பருத்தால் மர அளவு சுமார் 11 வீதம் கூடியிருக்கிறது. அதை வெட்டுவது ஓடும் சரக்கை அரைவிலைக்குத் தள்ளுவதற்குச் சமம். 5 அடி மரம் 1 அங்குலமே பருத்திருந்தால் சுமார் 3 வீதம்தான். அந்தப் பணம் கடையில் இதைவிட உழைக்குமானால் விற்கலாம். நெருக்கமாக நின்று வளர்ச்சி குன்றிய தோட்டமென்றால் முதலில் கோணல் மரங்களைக் கழியுங்கள், மற்றவை பருக்கும்.

விலை பேசுமுன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் வெட்டவும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். தேக்கை லொறியில் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் தேவை. பத்திரமில்லாத மரத்துக்கு மரக்காலைக்காரர் நல்ல விலை தரமாட்டார். மழைக்காலத்தில் லொறி உள்ளே வரமுடியாவிட்டால் அந்தச் செலவையும் கழிப்பார்.

"தோட்டத்தோடு இவ்வளவு" என்ற மொத்தப் பேச்சில் நட்டப்படுபவர் பெரும்பாலும் காணிக்காரரே. மரங்களுக்கு இலக்கமிட்டு, இரு தரப்பும் சேர்ந்து அளந்து, கன அடிக்கு விலை பேசுங்கள். வெட்டுகூலி யாருக்கு, கிளை விறகு யாருக்கு, மதில் உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் வெட்டி முடிப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரா பகராவின் 282 ஆவது வசனமே பணிக்கிறது. தெரிந்த ஆள்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் எம்மில் அதிகம். மீதிப் பணம் கைக்கு வந்த பின்னரே கடைசி லொறியை அனுப்புங்கள்.