கடை குறைந்தால் உழவர் விலையும் குறையும்

இயற்கை விளைபொருளுக்குச் சந்தை எங்கே? நம் கூட்டங்களில் கடைசியாக எழுவதும், பதில் கிடைக்காமல் நிற்பதும் இந்தக் கேள்விதான். "பெரிய கடைக்காரன் ஒருத்தன் மொத்தமா எடுத்துக்கிட்டா போதும், நம்ம கவலை தீர்ந்துடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி மொத்தமாக எடுத்துக்கொண்ட நாடு ஒன்று இருக்கிறது, ஜெர்மனி. மலிவு விலைக் கடைகள் பெருகியபோது அங்கே உள்ளூர்க் கடைகளுக்கும் இயற்கை உழவர்களுக்கும் என்ன நடந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மலிவு எங்கிருந்து வருகிறது?

எஸ்ஸன் நகரில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் 1913இல் ஆல்பிரெக்ட் குடும்பம் தொடங்கிய சின்ன மளிகைக் கடைதான் பிறகு ஆல்டி ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்ல், தியோ என்ற இரு மகன்களும் கடைகளைப் பெருக்கினார்கள். ஆல்பிரெக்ட் டிஸ்கவுன்ட் என்பதன் சுருக்கமே ஆல்டி. 1973இல் லிடில் தன் முதல் மலிவு விலைக் கடையைத் திறந்தது. இன்று ஜெர்மனியில் மட்டும் இந்த இரண்டுக்கும் சேர்த்து 7,000 கடைகளுக்கு மேல் இருக்கின்றன.

இவர்களால் எப்படிக் குறைந்த விலைக்கு விற்க முடிகிறது? ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 10,000 வகைக்கு மேல் பொருள் இருக்கும். ஆல்டியில் ஏறத்தாழ 2,000 தான். சரக்கு வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே வைத்துவிடுவார்கள். அடுக்கி வைக்கவும் எடுத்துக் கொடுக்கவும் தனி ஆள் கிடையாது. இதெல்லாம் சிக்கனம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் கடைகளும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் மலிவின் இன்னொரு பகுதி கொள்முதலிலிருந்து வருகிறது. ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே இடத்தில் விலை பேசுகிறார்கள். பெரும்பாலான பொருளைக் கடையின் சொந்தப் பெயரில் விற்கிறார்கள். பால் உறையின் மேல் கடையின் சொந்த வணிகப் பெயர்தான் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பது இன்றைக்கு உங்கள் பால், நாளைக்கு வேறொருவர் பால். உறை மாறாது, வாங்குபவருக்கும் தெரியாது. "இந்த விலைக்குக் கட்டாது" என்று நீங்கள் சொன்னால் அடுத்தவரிடம் போக அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. உழவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

உள்ளூர்க் கடைகள் என்ன ஆயின?

நாம் அண்ணாச்சி கடை என்பது போல, ஜெர்மானியர்கள் தெருமுனை மளிகைக் கடையை 'எம்மா அத்தை கடை' என்பார்கள். 1960களிலும் 70களிலும் இவை வேகமாக மூடப்பட்டன. கார் வந்தது, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தன, கூடவே மலிவு விலைக் கடையும் வந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்கத் தனிக் கடைகளால் முடியவில்லை.

தாங்கியவர்களும் உண்டு. 1898இல் பெர்லினில் 21 சிறு வணிகர்கள் சேர்ந்து, சரக்கைக் கூட்டாக வாங்க ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய எடெகா. 1927இல் தொடங்கிய ரெவேயும் அப்படிப்பட்டதே. தனித்தனிக் கடை, ஒன்றுசேர்ந்த கொள்முதல். இந்த வழியில் போன கடைகள் நிலைத்தன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. விலைப் போட்டியில் நிற்பதற்காக எடெகா 'நெட்டோ' என்றும், ரெவே 'பென்னி' என்றும் தாங்களே மலிவு விலைக் கடைகளை நடத்துகின்றன. எடெகா, ரெவே, ஆல்டி, லிடிலின் தாய்க்குழுமமான ஷ்வார்ட்ஸ் ஆகிய நான்கு குழுமங்களிடமே நாட்டின் உணவுச் சில்லறை வணிகத்தில் 85 விழுக்காடு இருப்பதாக ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2014இல் சொன்னது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் பல வாசல்கள் இருந்தன. இப்போது உழவர் போய் நிற்க நான்கு வாசல்தான்.

பாலில் தெரிந்த உண்மை

2008 மே 27 அன்று ஜெர்மானியப் பால் உழவர்கள் விநியோகத்தை நிறுத்தினார்கள். கிலோவுக்கு 43 சென்ட் கேட்டார்கள். கறந்த பாலைக் கன்றுகளுக்குக் கொடுத்தார்கள், வயலில் ஊற்றினார்கள், பால் ஆலைகளின் வாசலை டிராக்டர்களால் மறித்தார்கள். பத்து நாளில் லிடில் இறங்கி வந்து லிட்டருக்கு 10 சென்ட் கூட்டியது. மற்ற கடைகளும் கூட்டின. வெற்றிதான். ஆனால் அடுத்த ஆண்டே பல இடங்களில் கொள்முதல் விலை 25 சென்டுக்கும் கீழே போய்விட்டது. போராட்டத்தால் விலை மாறியது, வாங்குபவர் எண்ணிக்கை மாறவில்லை. அதனால் விலை பழையபடி சரிந்தது.

இயற்கை முத்திரை காப்பாற்றியதா?

"நாங்க இயற்கை உழவர், எங்க பொருள் தனி" என்று நினைக்கலாம். அங்கேயும் அப்படித்தான் நினைத்தார்கள். பயோலாண்ட் என்பது 1971இல் தொடங்கிய அமைப்பு, ஜெர்மனியின் மிகப் பெரிய இயற்கை உழவர் சங்கம். 2018இல் அதில் 7,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. அந்த ஆண்டு பயோலாண்ட் தன் முத்திரையை லிடில் கடைகளில் விற்க ஒப்பந்தம் போட்டது.

இயக்கத்துக்குள் பெரிய விவாதம் எழுந்தது. இயற்கைக்கு மாறும் பண்ணைகள் பெருகுகின்றன, சிறு அங்காடிகளால் அத்தனையையும் விற்க முடியாது, சாதாரண மக்களும் நஞ்சில்லா உணவை வாங்கட்டும் என்றது ஒரு தரப்பு. நாற்பது ஆண்டுகளாக இந்த முத்திரையை வளர்த்ததே சிறு இயற்கை அங்காடிகள்தான், அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஒப்பந்தத்தில் நேர்மையான வணிகத்துக்கான விதிகளையும், தகராறு வந்தால் முறையிட ஓர் அமைப்பையும் பயோலாண்ட் சேர்த்தது.

2022இல் உக்ரைன் போரால் எரிபொருளும் உணவும் விலை ஏறின. ஜெர்மனியின் இயற்கை உணவு விற்பனை 3.5 விழுக்காடு குறைந்து, 1,530 கோடி யூரோவாக நின்றது. குறைவு எங்கே என்று பாருங்கள். மலிவு விலைக் கடைகளில் இயற்கைப் பொருள் விற்பனை கூடியது. இயற்கை அங்காடிகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. மக்கள் இயற்கை உணவை விடவில்லை, கடையைத்தான் மாற்றினார்கள். பெயர்பெற்ற இயற்கை அங்காடித் தொடர்கள் சில அடுத்தடுத்துத் திவால் நடவடிக்கைக்குள் போயின. அந்த அங்காடிகளுக்கே சரக்குக் கொடுத்துவந்த உழவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன

கடைசி மளிகைக் கடையும் மூடிய பல ஜெர்மன் கிராமங்களில், ஊர் மக்களே பங்குப் பணம் போட்டு ஊர்க்கடை நடத்துகிறார்கள். சுற்றுவட்டார உழவரின் ரொட்டி, பால், முட்டை, காய்கறி அங்கே விற்கிறது. ஹெஸ்ஸென் மாநிலத்தில் மூடப்பட இருந்த ஒரு பால் ஆலையை 1996இல் இயற்கை உழவர்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உழவருக்கு லிட்டருக்கு 5 சென்ட் கூடுதல் என்று உறையிலேயே அச்சிட்டு விற்றார்கள். ஃபிரைபுர்க் பகுதியில் 2006இல் தொடங்கிய ரெகியோனால்வெர்ட் நிறுவனம், நகர மக்களின் முதலீட்டைக் கொண்டு பண்ணை, பதப்படுத்தும் கூடம், கடை மூன்றையும் ஒரே வட்டாரத்தில் இணைக்கிறது.

சட்டமும் வந்தது. பெரிய கடை அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், கடைசி நேரத்தில் கொள்முதலை ரத்து செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதி போட்டது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய கடைக்கு விற்கவே கூடாது என்பதல்ல. விற்பதற்கு முன் நாலு விஷயத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பணம் எத்தனை நாளில் வரும்? விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பினால் நட்டம் யாருக்கு? உறையின் மேல் நம் குழுவின் பெயர் இருக்குமா? விலையை மாற்ற வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்பே சொல்வார்கள்?

அதோடு, ஒரே கடைக்கு மொத்த விளைச்சலையும் கொடுக்காதீர்கள். ஒரு பங்கு பெரிய கடைக்குப் போனால், ஒரு பங்கு உழவர் சந்தைக்கும், ஒரு பங்கு பக்கத்து ஊர் இயற்கை அங்காடிக்கும், ஒரு பங்கு நேரடியாக வீடுகளுக்கும் போகட்டும். பெரிய கடையில் கூடக் கொஞ்சம் விலை கிடைக்கிற மாதத்திலும் சின்ன அங்காடிக்காரருக்குச் சரக்கை நிறுத்தாதீர்கள். அவர் கடை திறந்திருக்கும் வரைதான் பெரிய கடைக்காரரிடம் "இந்த விலைக்குக் கட்டாது" என்று சொல்லிவிட்டு நம்மால் எழுந்து வர முடியும்.