ஏலமலைத் தொழிலாளியும் அங்கவீனர் சட்டமும்

போடிநாயக்கனூரின் ஐசுவரியம் ஏலக்காய். அது ஏலம் போகும் கூடம் ஊருக்குள் இருக்கிறது; விளையும் தோட்டங்களோ பெரும்பாலும் மேற்கே கேரளத்து இடுக்கி ஜில்லாவில் இருக்கின்றன. பொழுது விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, இருட்டும் வேளையில் திரும்பும் ஆண் பெண் தொழிலாளரின் உழைப்பே அந்த ஐசுவரியத்தின் அஸ்திவாரம். அவர்களில் ஒருவர் மலைவளைவில் வண்டி கவிழ்ந்து காலிழந்தால், நிழல் மரத்தின் கிளை கழிக்கையில் விழுந்து முதுகெலும்பு முறிந்தால், அவருக்குச் சட்டம் அளிப்பது யாது? இதை அறியாதார் அநேகர். அறியாமையினால் அவர்கள் இழப்பது கொஞ்சமன்று.

அவருக்குள்ள பாத்தியதைகள் இரண்டு. ஒன்று முதலாளியிடம், மற்றொன்று சர்க்காரிடம். ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று அற்றுப்போய்விடாது.

முதலாவது நஷ்ட ஈடு. 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்த இவ்வுரிமை, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தில் ஒருவர் நிரந்தரமாக முழு ஊனமுற்றால், மாதக் கூலியில் 60 சதவீதத்தை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 10,000 ரூபாய் கூலி பெறும் 40 வயதுத் தொழிலாளிக்கு அந்த எண் 184.17, ஆகவே சேரவேண்டியது 11,05,020 ரூபாய். முதலாளியின் பேரில் குற்றம் ருஜுவாக வேண்டுமென்பதில்லை.

‘ஜீப் கவிழ்ந்தது எம் தோட்டத்துக்குள் அன்றே’ என்று முதலாளி கை கழுவலாமா? கூடாது. வேலைக்குச் சம்பந்தப்பட்ட காலத்திலும் மார்க்கத்திலும் நேர்ந்ததென்று நிரூபித்தால், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்ததேயாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்துக்கே இவ்வாறு பொருள் கூறிற்று. புதிய தொகுப்பிலோ இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மலையேறிச் செல்லும் போடித் தொழிலாளிக்கு இதனினும் பெரிய ஷரத்து வேறில்லை.

இரண்டாவது, சர்க்காரிடமுள்ள உரிமை. 2017 ஏப்ரல் 19 முதல் அமுலிலுள்ள 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. சர்க்கார் உத்தியோகத்தில் 4 சதவீத ஒதுக்கீடு முதலிய சலுகைகளுக்கு 40 சதவீதம் ஊனமென்ற சான்றிதழ் வேண்டும். அடிபட்டது இடுக்கியிலாயினும், போடிவாசி தம் வாசஸ்தலமான தேனி ஜில்லாவிலேயே மனுச் செய்யலாம். மறுத்தால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்மேல் அப்பீலும் உண்டு.

உதவித்தொகையிலேதான் சங்கடம். மத்திய சர்க்காரின் பென்ஷனுக்கு 80 சதவீத ஊனமும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்வதும் நிபந்தனை. கொடுப்பதோ, 80 வயது நிரம்பும் வரை, மாதம் 300 ரூபாய்; 2012-இல் நிர்ணயித்த தொகை! தமிழக சர்க்கார் 2023-இல் தன் பென்ஷனை 1,500 ரூபாயாக உயர்த்தியதும், கடும் ஊனமுற்றோருக்கான பராமரிப்புத் தொகையை 2,000 ரூபாயாக்கியதும் நன்றே. மற்றவர்க்கான திட்டங்களைவிட 25 சதவீதமேனும் அதிகம் தரவேண்டுமென்பது 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கட்டளை. முதியோர் பென்ஷன் அவ்வருஷமே 1,200 ஆயிற்று. அதற்கு 1,500 என்பது சட்டம் சொன்ன குறைந்தபட்சமேயன்றி தயவன்று.

நாம் கேட்பது வேறொன்று. 60 சதவீதம் ஊனமுற்றவர் மத்திய பென்ஷனுக்கு ஏன் புறம்பாக வேண்டும்? மேஜையிலமர்ந்து எழுதுபவர் காலொன்றை இழந்தால் ஜீவனம் தடைப்படாதிருக்கலாம். சரிவில் நின்று காயெடுப்பவருக்கு அதே ஊனம் முழு நாசம். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவருக்கு, அவர் தொழிலுக்கு முற்றும் தகுதியற்றார் எனக் கண்டு, முழு ஊனத்துக்குரிய நஷ்ட ஈட்டை 1975-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்நியர் ஆட்சியில் பிறந்த சட்டம் தொழிலாளியின் சம்பாத்திய சக்தியை அளந்தது. சுயராஜ்யத்தின் பென்ஷன் விதி அவன் உடம்பை மட்டும் அளக்கிறது. இது திருத்தப்பட வேண்டும்.

அதுவரையில் ஊழியர்கள் சும்மாயிருக்கலாகாது. கூலிச் சீட்டையும் வைத்தியசாலைச் சீட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். விபத்தை உடனே முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் செய்யுங்கள். சான்றிதழுக்கு மனுவெழுதிக் கொடுத்து, வைத்தியர் முன் உடன் சென்று நில்லுங்கள். மேடைப் பிரசங்கம் பத்தினும் இவ்வூழியம் ஒன்று மேலானது.